தறிச் சத்தம் கேட்கும் ஊருக்கு: தமிழ்நாட்டுக்குள் பயணம் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் உடுத்திப் பழகிய பட்டுப்புடவை ஒன்றை விரித்துக் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சட்டென்று புரட்டி, உடலும் கரையும் சேருகிற இடத்தை விரலால் நீவினார். "இது கோர்வை இல்லம்மா. கைத்தறியே இல்ல, விசைத்தறி" என்றார். கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து பூட்டிச் சேர்ப்பதுதான் கோர்வை. குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. வருத்தம்தான் இருந்தது.

அந்தப் புடவையை நான் வாங்கியதும் அதே காஞ்சிபுரத்தில்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால் கோயில் பார்க்க ஒருநாள் பயணமாக வந்தபோது, வாடகைக் காரை ஓட்டி வந்தவர் ஒரு பெரிய கடை வாசலில் நிறுத்தினார். "சொந்தத் தறி, நேரடி விலை" என்றார்கள். நம்பினேன். நெசவாளர் ஊருக்கே போய், கைத்தறிக்கு உரிய விலையையும் கொடுத்துவிட்டு, ஒரு நெசவாளருக்குக்கூட ஒரு ரூபாய் போய்ச் சேராமல் திரும்பியிருக்கிறேன். எனக்கு ஆன நஷ்டத்தைவிட இதுதான் அதிகம் உறுத்தியது.

அதற்குப் பிறகு பயணம் திட்டமிடும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் இடம் முதலில், தங்குமிடம் இரண்டாவது, "ஏதாவது வாங்கலாம்" என்பது கடைசி நாள் மாலையில். இப்போது எந்த வேலையைப் பார்க்கப் போகிறேன் என்பதுதான் முதல் கேள்வி. ஊர், மாதம், கிழமை, தங்குமிடம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக அமைந்துவிடுகின்றன. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டுப் பொருளிலிருந்து ஊரைத் தேடுங்கள்

வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். எதை மாற்ற வேண்டியிருக்கிறது, எதை வாங்க நினைத்துத் தள்ளிப்போட்டு வருகிறீர்கள்? பாய், ஜமக்காளம், குத்துவிளக்கு, மண்பானை, ஒரு பருத்திப் புடவை, பூட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தமிழ்நாட்டில் ஒரு ஊர் இருக்கிறது. தேவையிலிருந்து தொடங்கினால், பயணத்தில் வாங்கியது அலமாரியில் தூசி படியாது.

இதற்குக் கையில் இருக்கும் நல்ல வரைபடம் புவிசார் குறியீட்டுப் பட்டியல். ஒரு பொருளின் தரமும் பெயரும் ஒரு குறிப்பிட்ட ஊரோடு பிணைந்திருக்கிறது என்பதைச் சட்டப்படி பதிவு செய்வதுதான் புவிசார் குறியீடு. 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. இந்தியா முழுமைக்குமான பதிவகமே சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்களை மட்டும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் தனித்தனியாக நிற்காமல் கொத்துக் கொத்தாகச் சேரும். ஒரு கொத்து, ஒரு பயணம்.

கும்பகோணம் கொத்துதான் எல்லாவற்றிலும் செழிப்பானது. கும்பகோணத்திலிருந்து 20 கிலோமீட்டர் சுற்றுக்குள் சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் என நான்கு கைவினைக் குறியீடுகள். இன்னும் கொஞ்சம் மேற்கே தஞ்சாவூர் போனால் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, நெட்டி வேலை (நீர்த்தாவரத் தண்டில் செதுக்குவது). நடுவே தாராசுரம் கோயில் இருக்கிறது. கல்லில் பார்த்த வடிவத்தை அன்று மாலையே சுவாமிமலைப் பட்டறையில் மெழுகில் பார்க்கலாம். அங்கே தேன்மெழுகையும் குங்கிலியப் பிசினையும் சேர்த்து உருவம் பிடித்து, தென்னை ஓலை நறுக்கை மடித்துத் தாளக்கணக்கு என்ற சிற்ப அளவு முறையில் அளவு பார்த்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். சுட்டதும் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. விலை ஏன் அப்படி என்று யாரும் விளக்கவே தேவையில்லை.

சிவகங்கைப் பக்கம் இன்னொரு கொத்து. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலையும் பனையோலைக் கொட்டானும், மானாமதுரையில் மண்பாண்டமும் கடமும். பக்கத்திலேயே ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைகளும் இருக்கின்றன. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் கீழடி அருங்காட்சியகத்தில் இறங்கினால், பழைய பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு, அதே மண் இன்றும் குயவர் சக்கரத்தில் சுழல்வதை அடுத்த ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம்.

தெற்கே பத்தமடைப் பாய், கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, உடன்குடி பனங்கருப்பட்டி. மேற்கே பவானி ஜமக்காளம், நெகமம் பருத்திச் சேலை, ஈரோட்டு மஞ்சள். மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் நீலகிரியில் தோடர் பூத்தையல் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, துணியை மரச்சட்டத்தில் பூட்டாமல், இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் தையல் அது. ஆனால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கிறார்கள். கிளம்பும் முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மே மாத மலைக்கூட்டத்தில் இன்னொரு வண்டியாகப் போய் நிற்பதைவிட, அந்த வாரத்தைச் சமவெளியின் ஒரு சின்ன ஊருக்குக் கொடுக்கலாம். வெயில் இருக்கும். அதிகாலையும் அந்தியும் வேலை பார்க்கப் போதும்.

இரண்டாம் படி: வேலை நடக்கும் மாதத்தையும் நாளையும் பாருங்கள்

பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறித்தால், பூட்டிய பட்டறை வாசலில் நிற்க நேரும்.

மண்ணும் மழையும் ஒத்துப்போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை காயாது, சூளை எரியாது. ஆனால் கார்த்திகை விளக்கும் பொங்கல் பானையும் விற்பதும் அதை ஒட்டித்தான். எனவே குயவர்களின் நிஜமான பரபரப்பு மழைக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் அடிக்கும் புரட்டாசியில் போனால் கை ஓயாமல் வேலை நடக்கும். கொலு பொம்மை இன்னும் முந்தியது. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவிலோ மதுரை விளாச்சேரியிலோ பொம்மைக்கு வண்ணம் பூசுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆடி, ஆவணியில் போங்கள். நவராத்திரி வாரத்தில் விற்பனை மட்டும்தான் இருக்கும்.

நெசவுக்கும் மழை எதிரிதான். தரையில் குழி தோண்டி அமைத்த குழித்தறியில் தண்ணீர் ஊறினால் தறி நின்றுவிடும். தெருவில் பாவு (தறியின் நீளவாக்கு நூல்) விரித்துக் கஞ்சி போடவும் முடியாது. கருப்பட்டிக்கோ கோடைதான் காலம். பதநீர் இறங்கும்போதுதான் காய்ச்சுவார்கள். மழைக்காலத்தில் உடன்குடிக்குப் போனால் இருப்பில் உள்ளது கிடைக்கும், அடுப்பைப் பார்க்க முடியாது.

நாள் விஷயத்தில் இரண்டைக் கவனியுங்கள். பல ஊர்களில் நெசவாளர்களும் கம்மாளர்களும் அமாவாசையன்று வேலை செய்வதில்லை. பாய் முடையும் தெருக்களில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம். இதை அறிந்து போவதே ஒரு மரியாதை.

மூன்றாம் படி: ஒரு ஊர், இரண்டு இரவு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். மூன்று நாளில் ஆறு ஊர் ஓடுகிறவரின் பணம் பெரும்பாலும் பெட்ரோலுக்கும் சுங்கச்சாவடிக்கும் போகிறது. ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குகிறவர் ஐந்தாறு வேளை அந்த ஊரில் சாப்பிடுகிறார், நாலைந்து முறை டீ குடிக்கிறார், ஆட்டோ ஏறுகிறார், துணி இஸ்திரிக்குக் கொடுக்கிறார். முதல்நாள் விசாரித்துவிட்டு வந்த வீட்டுக்கு மறுநாள் காலை மறுபடி போகிறார். அந்த இரண்டாவது போக்கில்தான் பேச்சு திறக்கும். முதல்நாள் நீங்கள் வாடிக்கையாளர், மறுநாள் "நேத்து வந்தவங்க".

வார நாட்களில் போக முடிந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறு கூட்டத்தில் கைவினைஞர்களுக்குப் பேச நேரமிருக்காது. செவ்வாய், புதனில் வருகிற ஒரு குடும்பம் ஒரு சின்ன விடுதிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதை நடத்துகிறவரிடம் கேட்டால் தெரியும்.

நான்காம் படி: போய்ச் சேரும் வழி

இதில் அதிகம் சொல்ல இல்லை. ரயில் இருந்தால் ரயில், அங்கிருந்து டவுன் பஸ். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை மறந்துவிடுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால் கிளம்பும்போதே பேசிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது: கமிஷன். பயணிகளைக் கடையில் கொண்டுவந்து இறக்கும் ஓட்டுநருக்குச் சில கடைகள் பங்கு கொடுக்கின்றன. அந்தப் பங்கு உங்கள் விலையில்தான் ஏறுகிறது. ஓட்டுநரைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவர் வாடகையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். நான் இப்போது ஏறும்போதே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, கடை எதுக்கும் கூட்டிப் போக வேணாம். நாங்க சொல்ற தெருவுல இறக்கிவிட்டுக் காத்திருங்க. காத்திருக்கிற நேரத்துக்குத் தனியா தந்துடறேன்." இதுவரை ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. ஒருவர் தன் மாமா வீட்டுத் தறிக்கே கூட்டிப்போனார்.

ஐந்தாம் படி: தங்கவும் சாப்பிடவும்

சின்ன ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய குடும்ப லாட்ஜும், ஊருக்குள் வீட்டோடு சேர்ந்த தங்குமிடமும் இருக்கும். செயலிகளில் தேடிக் கண்டுபிடியுங்கள். மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள். பிறகு தொலைபேசியில் நேராகக் கூப்பிட்டு அறை கேளுங்கள். இடைத்தரகுக் கட்டணம் மிச்சமானால் உரிமையாளருக்கும் லாபம், பல நேரம் உங்களுக்கும் வாடகை குறையும். கழிப்பறை, வெந்நீர், இரவு எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள், வயதானவர்கள் இருந்தால் கீழ்த்தளத்தில் அறை உண்டா என்பதையெல்லாம் அதே பேச்சில் கேட்டுவிடலாம். நேராகப் பேசி எடுத்த அறையை ரத்து செய்வதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். பத்து அறை உள்ளவருக்கு ஒரு அறை காலியாக நிற்பது பெரிய அடி.

சாப்பாட்டுக்கு மெஸ் தேடுங்கள். பட்டறைக்காரர்கள் மதியம் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு நாலைந்து பேராகப் போவதானால் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்ன மெஸ்ஸில் உலை அளந்துதான் வைப்பார்கள்.

கையோடு ஒரு தண்ணீர்க் குடுவையும் நாலு மஞ்சப்பையும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பை கேட்டுச் சின்னக் கடைக்காரரைச் சங்கடத்தில் வைக்க வேண்டாம்.

ஆறாம் படி: செய்கிறவர் வீட்டைக் கண்டுபிடிப்பது

ஊருக்குப் போனதும் நேராகத் தெருவில் இறங்காதீர்கள். முதலில் விலை தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கோ-ஆப்டெக்ஸ், பூம்புகார் விற்பனை நிலையங்கள், அந்தந்த ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் அரை மணி நேரம் செலவிடுங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கியது. பூம்புகார், 1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடை. இரண்டிலும் விலை எழுதி ஒட்டியிருக்கும், பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்த விலை உங்கள் மனதில் ஓர் அளவுகோலாக நிற்கும். அங்கேயே பிடித்தது கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அதிலும் தவறில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொருள்களுக்கு "மதி" என்ற பெயரில் விற்பனையகங்கள் இருக்கின்றன. ஊறுகாய், சிறுதானிய மாவு, பனையோலைப் பெட்டி போன்றவற்றை அங்கே பாருங்கள்.

பிறகு தெருவுக்குப் போங்கள். கேட்க வேண்டிய இடம் டீக்கடை. "இங்க பாய் முடையறவங்க வீடு எங்க இருக்கு?" என்று கேளுங்கள். "நல்ல கடை எது?" என்று கேட்டால் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். நெசவாளர் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாலே போதும், தறிச் சத்தம் வழிகாட்டும்.

வாசலில் நின்று அனுமதி கேட்டு உள்ளே போனதும், வாங்குவதற்கு முன் பாருங்கள். ஆத்தங்குடியில் நான் பார்த்த ஒரு பட்டறையைச் சொல்கிறேன். சின்னச் சதுரக் கண்ணாடி ஒன்றைத் துடைத்துத் தரையில் வைத்தார் அண்ணன். அதன்மேல் பூ வடிவில் அறைகள் பிரிந்த ஓர் உலோகச் சட்டம். ஒரு கரண்டியில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை. சிமெண்டோடு கலந்த வண்ணக் குழம்பை ஒவ்வொரு அறையிலும் சிந்தாமல் ஊற்றினார். சட்டத்தை நேராக மேலே தூக்கினார். கை ஒரு நூல் ஆடினாலும் பூ கலைந்துவிடும். கலையவில்லை. ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் மணலும் சிமெண்டும் குழைத்து நிரப்பி, மட்டம் தட்டி ஒதுக்கி வைத்தார். இதில் நெருப்பே கிடையாது. காய்ந்தபின் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறும், மறுபடி வெயிலில் காயும். கல்லின் முகம் இவ்வளவு நேரமும் கீழே, கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது. கண்ணாடியை விலக்கும்போதுதான் செய்தவரே பூவைப் பார்க்கிறார். மெருகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "இது கொடுக்கறதுதான். மிச்சம் நீங்க நடக்க நடக்க வரும்."

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு, ஒரு கல்லுக்கு அவர் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏழாம் படி: அசலைப் பார்த்து வாங்குவது

முத்திரைகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு விஷயம் சொல்கின்றன. என் முதல் புடவையில் நான் ஏமாந்தது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

சில்க் மார்க் என்பது பட்டு சுத்தமானதா என்பதை மட்டும் சொல்லும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்தது. விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் அது கிடைக்கலாம். கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. அது கையால் நெய்ததா என்பதைச் சொல்லும். புவிசார் குறியீடு எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். விலை உயர்ந்த பட்டு எடுக்கும்போது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இவை தவிர 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கைத்தறிக்கு என ஒதுக்கிய 11 ரகங்களை விசைத்தறியில் நெய்வது அதன்படி குற்றம்.

முத்திரையைத் தாண்டி உங்கள் கண்ணும் கையும் வேண்டும். காஞ்சிப் பட்டில் கோர்வை என்றால், உடலும் கரையும் தனித்தனி ஊடை (குறுக்கு நூல்) ஓடி, சேருமிடத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது. ஊடையை இழுத்துப் போகும் நாடா மூன்று ஓட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுக்க இன்னொருவர் வேண்டும். அதனால் உடலின் நிறம் கரைக்குள் நுழைவதே இல்லை. கரை கலப்பில்லாமல் பளிச்சென்று இருக்கும். பின்பக்கம் அந்தச் சந்திப்பில் சிறு பற்கள் போலப் பூட்டு தட்டுப்படும். அந்த நெசவாளர் விரலால் தேடியது அதைத்தான். ஜரிகையை நுனியில் லேசாகச் சுரண்டினால் அசலில் உள்ளே சிவந்த பட்டிழை தெரியும். உதிரி இழை ஒன்றை எரித்தால் பட்டு முடி கருகும் வாசனையோடு தூளாகும், செயற்கை இழை உருகி உருண்டையாகும். இதையெல்லாம் விற்கிறவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். நல்ல நெசவாளர் மகிழ்ச்சியோடு செய்துகாட்டுவார்.

பாயில் பத்தமடைப் பட்டுப்பாய் என்றால் கோரையை ஓடும் நீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, மயிரிழையாகக் கீறி நெய்வது. புடவைபோல் மடியும். கையால் தடவினால் சொரசொரப்பு தட்டாது. கருப்பட்டியில் சர்க்கரைக் கலப்படம் அதிகம், அதனால் காய்ச்சுகிறவரிடமே வாங்குவதுதான் ஒரே வழி. பால்கோவா சில நாளைக்கு மேல் தாங்காது. திரும்பும் நாள் காலையில் வாங்குங்கள், ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன் என்று அளவுக்கு மீறி வாங்காதீர்கள்.

பேரம் பற்றி

இதற்கு ஒரு தனித் தலைப்பு வேண்டும் என்று நினைக்கிறேன்.

மொத்த வியாபாரியிடம் பேரம் பேசுங்கள், அது அவருக்கும் பழக்கம். செய்கிறவரிடம் பேசாதீர்கள். விலை அதிகமாகத் தோன்றினால் ஒரு கணக்குப் போடுங்கள். இதற்கு எத்தனை நாள் ஆனது, சரக்கு எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, 3,000 ரூபாய் சொல்லும் ஒரு பாய்க்குக் கோரை, நூல், சாயம் சேர்த்து 600 ரூபாய், முடைய எட்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,400. நாளுக்கு 300 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. பல தலைமுறைத் தொழில் தெரிந்த கைக்கு அதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார் என்று அப்போது புரியும். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டால் போதும், அவர் முன் போட்டுக் காட்ட வேண்டாம்.

பணம் போதவில்லை என்றால் சின்னதாக வாங்குங்கள். குத்துவிளக்கு முடியாவிட்டால் ஒரு காமாட்சி விளக்கு. பட்டு முடியாவிட்டால் பருத்தி. எதுவுமே வாங்க முடியாத நாளில், வேலையைக் காட்டி நேரம் கொடுத்ததற்காக நூறு, இருநூறு கொடுத்துவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், குழந்தைக்கு ஒரு பழப்பை போதும்.

எங்கள் வீட்டில் பயணத்துக்கு 10,000 ரூபாய் எடுத்துவைத்தால் 3,000 ரூபாயைக் கிளம்பும்போதே தனி உறையில் போட்டுவிடுவோம். அந்தப் பணம் பொருள் செய்கிறவர் கைக்கு மட்டும். தனியாக வைக்காவிட்டால் அது டீயிலும் டிக்கெட்டிலும் கரைந்துபோகிறது.

பணத்தை ஜிபே, போன்பேயில் அனுப்பும்போது திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். செய்தவரின் பெயரோ அவர் வீட்டார் பெயரோ வந்தால் பணம் சேர வேண்டிய இடம் சேர்ந்தது. அலைவரிசை கிடைக்காத தெருக்களுக்குக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லை என்று சந்தேகப்படாதீர்கள். மிகச் சிறிய விற்பனையாளருக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. பொருள், அளவு, விலை, தேதி எழுதிய ஒரு கைச்சீட்டும் தொலைபேசி எண்ணும் போதும்.

எட்டாம் படி: செய்யக் கூடாதவை சில

கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தறி இருக்கும் இடம் பெரும்பாலும் அவர்கள் படுத்து எழும் வீடு. புதுப் புட்டாவையோ (துணியில் நெய்யும் பூ வடிவம்) வரைவையோ படம் எடுத்து வேறு இடத்தில் "இதே மாதிரி மலிவாகச் செய்து கொடு" என்று காட்டுவது திருட்டு. அது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு நெசவாளர் இரண்டு மாதம் யோசித்த வடிவம் இரண்டு நாளில் விசைத்தறிக்குப் போய்விடுகிறது. குழந்தைகளோடு போனால் பாவு நூலைத் தொடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு இழை அறுந்தால் தேடிப் பிணைக்க வேண்டும்.

"ஐயோ, இந்தத் தொழிலெல்லாம் அழியப்போகுது" என்று அவர்களிடமே அங்கலாய்க்காதீர்கள். அன்று காலையும் எழுந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர் பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி வருகிறார். பல காலம் காய்ந்த மரம்தான் அவருக்கு வேண்டும். அவரிடம் மரத்தைப் பற்றிக் கேளுங்கள், கண் விரியப் பேசுவார்.

ஒன்பதாம் படி: ஊர் திரும்பிய பிறகு

அவர்களுக்கு அதிகம் உதவுவது இரண்டாவது ஆர்டர். முதல் முறை நேரில் பார்த்து வாங்கியாயிற்று, தரம் தெரியும், ஆளைத் தெரியும். அடுத்த கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெறும்போது, தொலைபேசியில் சொல்லுங்கள். அளவு, நிறம், வேண்டிய தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். முன்பணமாகப் பாதி கொடுத்துவிடுங்கள், சரக்கு வாங்கக் கடன் வாங்க வேண்டியிராது. பார்சல் செலவு உங்களுடையது. கையால் செய்வதற்குக் காலம் பிடிக்கும், தேதியில் பத்து நாள் தாராளமாக விட்டுச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூட.

கூகுள் மேப்பில் அந்தப் பட்டறை, மெஸ், லாட்ஜ் பற்றித் தமிழிலேயே நாலு வரி எழுதுங்கள். "அருமை" என்று எழுதுவதைவிட, எந்தத் தெரு, எந்த நேரம் திறந்திருக்கும், எது கிடைக்கும் என்று எழுதினால் அடுத்து வருகிறவர் வழி தவறாமல் வருவார். வீட்டு வேலை என்றால் முகவரியை வெளியிடலாமா என்று அவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். குறை இருந்தால் பொதுவில் எழுதும் முன் ஒரு முறை கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பொருளைப் பயன்படுத்துங்கள். பித்தளை விளக்கு தினம் புளி போட்டுத் துலக்கினால்தான் மின்னும். பட்டுப்பாயை விருந்தாளிக்கு என்று சுருட்டி வைத்தால் மடிப்பில் நைந்துபோகும். கிழிந்தால், தேய்ந்தால், செய்தவரிடமே பழுது பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

பத்தமடையில் ஒரு அம்மாவிடம் சொல்லிவைத்த பாய் சென்ற மாதம் பார்சலில் வந்தது. சிவப்பும் பச்சையும் ஓரம் வைத்து, நடுவில் என் மகள் பெயரின் முதல் எழுத்து. பிரித்ததும் கூடமெல்லாம் கோரை வாசம். வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டேன். நிறம் பிடித்திருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "கோரை அறுக்கப்ப ஒருக்க வாங்கம்மா, பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அதையும் பாத்துட்டுப் போவலாம்" என்றார். எந்த மாதம் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.